முதல் நிலையில் எதை எழுதுவது

எங்க தாத்தாவுக்குத் தெரிந்தது ஒரே தொழில் என்று ஊர் முடிவு பண்ணி வைத்திருந்தது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். சேரிக்குள் வரமாட்டான். தெருமுனையில் நின்றபடியே, "ஏய், மேளத்த எடுத்துக்கினு வாடா" என்பான். தாத்தாவைவிட இருபது வயசு சின்னவனாக இருப்பான். தாத்தா கூரை வேய்வார், கிணறு வெட்டுவார், மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பார், கூத்தில் கட்டியங்காரன் பேச்சு முழுக்க அவருக்கு மனப்பாடம். இதில் ஒன்றும் ஊர்க் கணக்கில் ஏறவில்லை. அவர் பிறந்த அன்றைக்கே ஒரு தாளில் ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள்.

நைனா அந்த மேளத்தைத் தொடவில்லை. பதினாறு வயசில் ஊரைவிட்டு ஓடிவந்து வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் தகர டப்பாவைத் தட்டினாலே முதுகில் விழும். அப்படிப்பட்டவர் மகள் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது ஒரு கலைக்குழுவில் சேர்ந்து சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். நைனா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. அது அடிமைச் சின்னம், தூக்கி எறி என்பது அவர் கட்சி. அது நம்ம கலை, மீட்டெடு என்பது என் கட்சி. இந்தச் சண்டை எங்க வீட்டில் மட்டும் நடக்கிற சண்டை இல்லை என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இப்போது நான் எழுத வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. விளையாட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மூன்று வாரமாக ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு அடித்து அடித்து எழுதியதில், தாத்தாவும் நைனாவும் அந்தத் தாளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு வேலையில் பழக்கமான தோழர் ஒருவர்தான் கூப்பிட்டார். "வாங்க தோழர், ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்பீங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிற இயக்கக்காரி எங்கே இருக்கிறாள்? ஆனாலும் போனேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டது. கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு மேசை, தாள், பென்சில், இருபது முகம் உள்ள பகடை போதும். ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ராத்திரி கதை சொல்லி விடியவைத்த தாத்தாவின் பேத்திக்கு இதில் புரியாமல் போக எதுவும் இல்லை.

விளையாட உட்காருவதற்கு முன்னால் உங்கள் பாத்திரத்தைத் தாளில் எழுத வேண்டும். என்ன இனம், என்ன கிளாஸ், உடல்பலம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, பேச்சால் ஆளை இழுக்கிற சக்தி எவ்வளவு. கிளாஸ் என்றால் அவர் கற்ற தொழில். சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி, திருடர், பாடகர் என்று 2014ஆம் வருசப் புத்தகத்தில் பன்னிரண்டு இருக்கிறது. அனுபவம் சேரச் சேர நிலை உயரும், இருபது வரைக்கும். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் பழைய கிளாஸிலேயே ஏறலாம். இல்லையென்றால் வேறொரு கிளாஸில் முதல் படி வைக்கலாம். இரண்டாவதற்கு மல்ட்டிகிளாஸ் என்று பெயர். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில், மூன்று தொழில். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தமிழ் படித்த புத்தி சும்மா இருக்குமா? தாளைத் தமிழில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஃபைட்டருக்கு மறவன் என்று எழுதினேன். சாதி வந்து நின்றது. அடித்துவிட்டேன். பார்டுக்குப் பாணன் என்று எழுதினேன். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பெயர் சொல்லி வைக்கிற நான்கு குடிகளில் பாணனும் பறையனும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். தொழிலும் குடியும் அப்போதே ஒட்டிக்கிடக்கிறது. அதையும் அடித்தேன். கிளெரிக்குக்கு அந்தணன் என்று என் கை எழுதவே எழுதாது. கிளாஸுக்கே வகுப்பு என்று போட்டால் அது வகுப்புவாரி உரிமை வரைக்கும் போகிறது. நம்ம மொழியில் ஒரு தொழிலின் பேரைச் சொன்னால் கூடவே ஒரு தெருவும் வந்துவிடுகிறது. கடைசியில் கிளாஸ் என்றே எழுதினேன். சண்டைக்காரி, மேளக்காரி என்று நான் பேசுகிற பேச்சிலேயே எழுதினேன். வெள்ளைக்காரன் மொழியில் தொழில் என்பது வெறும் தொழில், அவன் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைத்தேன்.

அது சரியில்லை என்று 1978இல் வந்த பழைய விதிப்புத்தகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. அதில் ஒரு அட்டவணை. எந்த இனத்தில் பிறந்தவர் எந்தக் கிளாஸில் சேரலாம், சேர்ந்தால் எந்த நிலைவரை உயரலாம் என்று கட்டம் போட்டு எண் கொடுத்திருக்கிறது. மனிதருக்கு எந்தக் கிளாஸிலும் இனத்தைச் சொல்லி எல்லை இல்லை. மற்றவர்களுக்கு எல்லாம் எல்லை. ஓர்க் என்ற அரக்க இனத்துக்கும் மனிதருக்கும் பிறந்தவரை ஹாஃப்-ஓர்க் என்கிறார்கள். ஹாஃப்-ஓர்க் பூசாரியாகலாம், நான்காம் நிலைவரை. சண்டைக்காரராகலாம், பத்தாம் நிலைவரை. திருடராக எட்டு. மந்திரம் படிக்க இடம் இல்லை. கூலிக்குக் கொலை செய்கிற தொழிலில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம், அங்கே எல்லை கிடையாது.

அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருந்து வந்த புத்தகம் அது. எழுதியவருக்கு நம்ம ஊர் தெரியாது. மனிதரை மையமாக வைத்த உலகம் வேண்டும், அதற்குத்தான் இந்தக் கட்டுப்பாடு என்பது கைகாக்ஸின் வாதம். ஆனால் பிறப்பைப் பார்த்து உயரத்தை அளக்கிற கட்டம் எந்த ஊரில் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல.

பாடகர் கதை இன்னும் வேடிக்கை. 1978 புத்தகத்தில் பார்டாக நேராக ஆகமுடியாது. முதலில் சண்டைக்காரராக ஐந்தாம் நிலையாவது ஏறவேண்டும். எட்டாவதுக்கு முன்னால் அதை விட்டுத் திருடராக வேண்டும். அதிலும் ஐந்துக்கு மேல் ஏறி, ஒன்பதுக்குள் அதையும் விட்டு, ட்ரூயிட் என்ற காட்டுப் பூசாரிகளிடம் போய்ப் படிக்க வேண்டும். அப்புறம்தான் பாடகர். ஊர் ஊராய்ப் போய்ப் பாட ஒருவனுக்கு இத்தனை தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்களே, அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. ஆனால் அதற்கும் மனிதராக அல்லது ஹாஃப்-எல்ஃபாகப் பிறந்திருக்க வேண்டும். ஹாஃப்-ஓர்க்குக்குப் பாட்டு கிடையாது.

இந்தக் கட்டங்கள் 2000ஆம் வருசம் மூன்றாம் பதிப்பில்தான் உடைந்தன. எந்த இனமும் எந்தக் கிளாஸிலும் சேரலாம், எத்தனை கிளாஸையும் சேர்க்கலாம் என்றார்கள். அதிலும் ஒரு முள். ஒவ்வொரு இனத்துக்கும் உகந்தது என்று ஒரு கிளாஸ் இருந்தது. அது தவிர மற்ற கிளாஸ்களின் நிலைகள் ஒன்றுக்கொன்று ரொம்ப ஏறி இறங்கி இருந்தால் கிடைக்கிற அனுபவப் புள்ளியில் நூற்றுக்கு இருபது தண்டம். மனிதருக்கு எது அதிகமோ அதுவே உகந்தது. ஹாஃப்-ஓர்க்குக்கு உகந்தது பார்பேரியன். காட்டுமிராண்டி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2014 புத்தகத்தில் தண்டம் இல்லை. தகுதி எண் மட்டும்தான். ஒரு கிளாஸை விட்டு இன்னொன்றில் கால் வைக்க, இரண்டு கிளாஸும் கேட்கிற திறன்களில் 13 இருக்க வேண்டும். சண்டைக்காரருக்குப் பலத்தில் அல்லது வேகத்தில் 13. பாடகருக்குக் கரிஸ்மாவில், அதாவது பேச்சுச் சக்தியில் 13. யார் வயிற்றில் பிறந்தாய் என்று அந்த விதி கேட்கவில்லை.

எங்கள் மேசையில் ஓடுவது 2014 புத்தகம்தான். நான் ஹாஃப்-ஓர்க் பெண் என்று எழுதினேன். சண்டைக்காரியும் மேளக்காரியும் சேர்ந்த ஆள். பக்கத்தில் இருந்த தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை, எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஹாஃப்-ஓர்க்குக்குப் பாட்டு செட் ஆகாதுக்கா. ஹாஃப்-எல்ஃப் எடுங்க."

"ஏன் செட் ஆகாது?"

"ஹாஃப்-ஓர்க்குக்குப் பலத்துல ரெண்டு, தாங்குசக்தியில ஒன்னு கூடும். கரிஸ்மாவுல ஒன்னும் கூடாது. ஹாஃப்-எல்ஃப்க்கு அதுலயே ரெண்டு கூடும்."

அவன் எண்ணைத்தான் சொன்னான், வேறெதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் 'உனக்கு செட் ஆகாது' என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது பிளஸ் ஒன் சேரப்போன அன்றைக்கு, கணக்கு குரூப் கேட்டு நின்றபோது. சொன்னவர் என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்றைக்கும் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

ஆட்டம் நடத்துகிற தோழர் சமாதானம் சொன்னார். 2020இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் மாற்று விதி இருக்கிறது, இனத்தால் வருகிற அந்த இரண்டையும் ஒன்றையும் விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம், என் மேசையில் அனுமதி உண்டு என்றார். அதே வருசம் ஜூனில் அந்தக் கம்பெனியே, ஓர்க்குகளை நாங்கள் வருணித்த விதம் நிஜ உலகில் இழிவுபடுத்தப்பட்ட மக்களை இழிவுபடுத்திய விதத்தை ஒத்திருந்தது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024இல் வந்த புதுப் புத்தகத்தில் இனம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். திறன் கூடுவது பிறப்பால் இல்லை, வளர்ந்த பின்னணியால் என்று மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அதே புத்தகத்தில் ஹாஃப்-ஓர்க்கும் இல்லை, ஹாஃப்-எல்ஃபும் இல்லை. முழு ஓர்க் இருக்கிறது. பழையதை வைத்து ஆடுகிறவர்கள் ஆடலாம் என்கிறார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் ஹாஃப்-ஓர்க்கை இப்படித்தான் விட்டார்கள். இழிவைத் துடைக்கப் போய் ஆளையே துடைத்துவிடுவது எங்களுக்குப் புதுசா என்ன?

மாற்று விதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது வேண்டாத விதி என்று சொல்லமாட்டேன், அது இருப்பதில் எனக்குச் சந்தோசம். ஆனால் பலமும் பேச்சும் ஒரே உடம்பில் சமமாக இருக்கிற ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தது. எங்க ஆயா அப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்து, ராத்திரி பஞ்சாயத்தில் நின்று பேசினால் எதிராளி வாயடைத்துப் போவான். உழைக்கிற உடம்புக்குப் பேச்சு வராது என்பது உழைக்காதவன் கட்டிய கதை.

கணக்குப் போட்டேன். மொத்தம் 27 புள்ளி தருகிறார்கள். கரிஸ்மா 15க்கு ஒன்பது புள்ளி போனது. பலம் 13க்கு ஐந்து, பிறப்பால் இரண்டு கூடி 15. தாங்குசக்தி 13க்கு ஐந்து, ஒன்று கூடி 14. வேகம் 12க்கு நான்கு. அறிவு 10, விவேகம் 10, இரண்டிரண்டு. சரியாக 27. ஹாஃப்-எல்ஃப் எடுத்திருந்தால் கரிஸ்மா 17. அதனால் என்ன கிடைத்திருக்கும்? இருபது முகப் பகடையில் ஒரே ஒரு எண் கூடுதல். அந்த ஒரு எண்ணுக்காக அவளுடைய பிறப்பை மாற்றச் சொல்கிறார்கள். வேண்டாம், ஒரு எண் குறைவாகவே ஆடட்டும். அதுவும் கொஞ்ச காலம்தான். மேளக்காரியாக நான்காம் படி ஏறும்போது இரண்டு புள்ளி வரும். பலத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று போட்டால் இரண்டு 15களும் 16 ஆகும்.

வேறு யோசனைகளும் வந்தன. வார்லாக்கில் இரண்டு படி போடுங்கள், அதற்கும் கரிஸ்மாதான் வேண்டும் என்றான் தம்பி. வார்லாக் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு, அது கொடுக்கிற பலத்தை வாங்கிக்கொள்கிறவர். கொடுக்கிறவருக்கு பேட்ரன் என்று பெயர். எங்க ஊரில் அதுக்கு ஆண்டை என்று பேர், அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். மேசை சிரித்தது.

மூன்று வாரம் என்னை இழுத்தடித்தது இதெல்லாம் இல்லை. எந்தக் கிளாஸை முதலில் எழுதுவது என்பதுதான். பத்தாம் நிலையில் பார்த்தால் எப்படிப் போட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. முதலில் எழுதுகிற கிளாஸ்தான் அந்த ஆளின் அடித்தளம். சண்டைக்காரியாகத் தொடங்கினால் உயிர்ப்புள்ளி 12, மேளக்காரியாகத் தொடங்கினால் 10. சண்டைக்காரி முதல் என்றால் எல்லாக் கவசமும் அணியலாம். மேளக்காரியாக இருந்துவிட்டுப் பின்னால் சண்டைக்குப் போனால் கனத்த இரும்புக் கவசம் அணியும் பழக்கம் கிடைக்காது. ஆபத்தைத் தாங்குகிற இரண்டு பழக்கமும் முதல் கிளாஸில் இருந்து மட்டும்தான் வரும். சண்டைக்காரிக்கு அவை பலமும் தாங்குசக்தியும். அடி விழும்போது மந்திரம் கலையாமல் பிடித்துக்கொள்ள அந்தத் தாங்குசக்திதான் வேண்டும். மறுபக்கம், மேளக்காரியாகத் தொடங்கினால் மூன்று இசைக்கருவி தெரியும். பின்னால் சேர்ந்தால் ஒன்றுதான். மேளத்தின் எல்லாப் பலனும் ஒரு நிலை தள்ளித்தான் வரும். கூட ஆடுகிறவர்கள் ஐந்தாம் நிலையில் தொடுகிற மந்திரத்தை அவள் ஆறில்தான் தொடுவாள்.

புத்தகக் கணக்கு சண்டைக்காரி முதலில் என்றது. என் மனசு அடம்பிடித்தது. மேளம்தானே நம்முடையது, அதை இரண்டாவதாக எழுதுவது தாத்தாவை மறைப்பது மாதிரி ஆகாதா? கலைக்குழு மேடையில் இத்தனை வருசம் நான் பேசியது என்ன?

அப்போதுதான் மேளக்காரியின் முதல் சக்தியைத் திரும்பப் படித்தேன். அறுபது அடிக்குள் இருக்கிற, அவள் சத்தம் காதில் விழுகிற ஒரு ஆளுக்கு அவள் ஒரு ஆறுமுகப் பகடையைக் கொடுக்கலாம். வாங்கியவர் பத்து நிமிசத்துக்குள் தன் முயற்சியோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். தனக்கே கொடுத்துக்கொள்ள முடியாது, விதி அப்படி. தாத்தா ஞாபகம் வந்தது. அவர் அடித்த அடியெல்லாம் அடுத்தவர் சாவுக்குத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்த விதியில் யாருக்குக் கொடுப்பது என்று அடிக்கிறவளே முடிவு செய்கிறாள். கொடுக்காமலும் இருக்கலாம். தாத்தாவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. நைனா வெறுத்தது மேளத்தை இல்லையோ, தெருமுனையில் நின்று கூப்பிட்ட அந்தக் குரலைத்தானோ என்று முதல் தடவையாக யோசித்தேன்.

சண்டைக்காரி என்று முதல் வரியில் எழுதினேன். பின்னணிக்குத் தோழர் 'கேளிக்கைக் கலைஞர்' எடுக்கச் சொன்னார், மேளம் அடிக்கிறவள்தானே என்று. நான் 'அறிஞர்' எடுத்தேன். அந்தப் பின்னணிக்கு ஒரு மைக்குப்பி, ஒரு இறகுப் பேனா, ஒரு சின்னக் கத்தி, பத்துப் பொன், இறந்துபோன சகா எழுதிய ஒரு கடிதம் தருகிறார்கள். கடிதத்தில் ஒரு கேள்வி, அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அது யார் எழுதிய கடிதம் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நைனா இப்போது என்னோடுதான் இருக்கிறார். ஒருநாள் தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னா பாப்பா இது?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மொதல்ல என்னா எழுதிருக்க?"

"சண்டக்காரி நைனா."

"அப்புறம்?"

"மேளம். ரெண்டாவதுதான். அவளா போயி கத்துக்கறா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளா போயித்தான?" என்றார்.

"ஆமா."

"யாரும் கூப்புடல?"

"யாரும் கூப்புடல."

சாமான் விலைப்பட்டியலைக் காட்டினேன். மேளம் ஆறு பொன். லூட் என்ற, நம்ம வீணை மாதிரித் தந்திக் கருவி முப்பத்தைந்து பொன். "வெள்ளக்காரன் நோட்டுலயும் மேளம் சல்லிசுதானா" என்றார். நாயனம் மாதிரி ஷாம் என்று ஒன்று இருக்கிறது, அது எவ்வளவு என்று பார்த்தார். இரண்டு பொன். "மேளத்துல மூணுல ஒரு பங்குதானா நாயனம்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தது.

பத்துப் பொன்னில் ஆறைக் கொடுத்து மேளம் வாங்கிவிட்டேன். முதல் ஞாயிறு ஆட்டம் முடிந்தது. கனத்த கவசம் போட்டவள் முதுகில் அது தொங்குகிறது. இன்னும் அடிக்கத் தெரியாது. முன்னூறு அனுபவப் புள்ளி சேர்ந்தால் இரண்டாம் நிலை, அன்றைக்குக் கற்றுக்கொள்வாள். முதல் பகடையை யாருக்குக் கொடுப்பாள் என்று தம்பி கேட்கிறான். அவள் முடிவு பண்ணட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.